கோட்டின் மேல் கண்: வலைப்பின்னல் படங்களை நாம் வாசிக்கும் விதம்

சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் சில கோடுகள். வலைப்பின்னல் படம் என்றால் இவ்வளவுதான். புள்ளியைக் கணு என்பார்கள். கணு ஒரு மனிதர் என்றால் கோடு நட்பு. கணு ஒரு கணினி என்றால் கோடு கேபிள். கணு ஒரு புரதம் என்றால் கோடு இரண்டு புரதங்களுக்கு இடையே நடக்கும் வினை. கோடு எவ்வளவு நீளம், கணு தாளின் எந்த மூலையில் இருக்கிறது என்பதற்கெல்லாம் பெரும்பாலும் பொருள் கிடையாது. யாரோடு யார் இணைந்திருக்கிறார் என்பது மட்டுமே செய்தி.

அதனால் ஒரே வலைப்பின்னலை எத்தனையோ விதமாக வரையலாம். கணுக்களை வட்டமாக நிறுத்தலாம், மேலிருந்து கீழாக அடுக்கலாம், கோடுகளை ஸ்பிரிங் போல பாவித்து இழுத்துத் தள்ளி அவையே ஓர் இடத்தில் அமைய விடலாம். கணிதத்துக்கு எல்லாம் ஒன்றுதான். கண்ணுக்கு அப்படி இல்லை. ஒரு படத்தில் இரண்டு நொடியில் கிடைக்கும் விடை, அதே வலைப்பின்னலின் இன்னொரு படத்தில் அரை நிமிடம் இழுக்கும். அந்த அரை நிமிடத்தில் கண் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்கும் முறைதான் ஐ டிராக்கிங். தமிழில் கண் அசைவுப் பதிவு என்று சொல்லிக்கொள்வோம்.

நிறுத்துக் கடிகாரம் சொல்லாதது

படங்களை மதிப்பிடுவதற்கு முதலில் இருந்த வழி எளிமையானது. ஆட்களை உட்கார வைத்து, இந்தக் கணுவிலிருந்து அந்தக் கணுவுக்குக் குறுகிய பாதை எது என்று கேட்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது, விடை சரியா தவறா, இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1997இல் ஹெலன் பர்ச்சேஸ் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் அடிக்கடி பேசப்படுவது. படம் வரையும் நிரல்களை எழுதியவர்கள் அதுவரை எது தெளிவான படம் என்பதைப் பெரும்பாலும் தங்கள் ரசனையை நம்பியே முடிவு செய்து வந்தார்கள். அவர் ஐந்து விதிகளை எடுத்துச் சோதித்தார். கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதைக் குறைப்பது, கோட்டில் மடிப்புகளைக் குறைப்பது, படத்தைச் சமச்சீராக வைப்பது, ஒரே கணுவிலிருந்து கிளம்பும் கோடுகளுக்கு நடுவே போதிய கோணம் விடுவது, எல்லாவற்றையும் கட்டம் போட்ட தாளில் வரைந்ததுபோல நேர்குத்தாகவும் கிடையாகவும் வைப்பது. இந்த ஐந்தில் வெட்டுகளைக் குறைப்பது மற்றவற்றை வெகு தூரம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. மடிப்பும் சமச்சீரும் ஓரளவு உதவின. கடைசி இரண்டுக்கும் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை.

2002இல் கொலின் வேரும் பர்ச்சேஸும் மற்ற இருவரும் சேர்ந்து இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். படம் முழுவதும் எத்தனை வெட்டுகள் என்பதைவிட, தேடும் பாதையின் மேலேயே எத்தனை வெட்டுகள் விழுகின்றன என்பது முக்கியம் என்று தெரிந்தது. பாதை வளைந்து நெளியாமல் ஒரே போக்கில் செல்கிறதா என்பதும் அதே அளவுக்கு முக்கியமாக வந்தது.

இவை நல்ல முடிவுகள். ஆனால் ஒருவர் ஒரு படத்தில் 20 நொடி செலவழித்தார் என்றால் கடிகாரத்துக்கு அந்த 20 மட்டும்தான் தெரியும். தொடக்கக் கணுவைக் கண்டுபிடிக்கவே 12 நொடி போனதா? தப்பான கிளையில் இறங்கிப் பாதி வழியில் திரும்பினாரா? விடையை எட்டாவது நொடியிலேயே கண்டுபிடித்துவிட்டு, சந்தேகத்தில் மூன்று முறை சரிபார்த்தாரா? மூன்றும் வேறு வேறு கோளாறுகள். மூன்றுக்கும் மருந்து வேறு. கடிகாரத்தில் மூன்றும் ஒரே எண்.

கண் ஓடுவதில்லை, தாவுகிறது

இந்த இடத்தில் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அதன் அகலம் உங்கள் பார்வையில் ஏறத்தாழ 2 டிகிரி. கண் நன்றாகக் கூர்ந்து பார்க்கும் பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான். விழித்திரையின் நடுவே உள்ள சிறு குழியில் மட்டுமே ஒளியுணர் செல்கள் அத்தனை நெருக்கமாக இருக்கின்றன. அதைத் தாண்டிப் போகப் போக எல்லாம் மங்கல். அந்த மங்கல் நமக்கு உறைப்பதில்லை, ஏனென்றால் எதைப் பார்க்க நினைத்தாலும் கண் அந்தக் குழியை உடனே அங்கே திருப்பிவிடுகிறது.

அப்படித் திருப்புவது ஒரு தாவல். ஓர் இடத்தில் கால் நொடி போல நிற்கும், சடாரென்று இன்னோர் இடத்துக்குத் தாவும், மறுபடி நிற்கும். நிற்பதை நிலைப்பு என்றும் நகர்வதைத் தாவல் என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். நிலைப்பு வழக்கமாக 200 முதல் 300 மில்லிநொடி. தாவல் சில பத்து மில்லிநொடிகளில் முடிந்துவிடும். தாவும்போது நாம் ஏறக்குறைய எதையும் பார்ப்பதில்லை. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

வலைப்பின்னல் படத்துக்கு இதில் ஒரு முக்கியமான சேதி இருக்கிறது. கோட்டைப் பின்தொடர்கிறேன் என்று சொல்லும்போது நம் கண் கோட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நினைக்கிறோம். போவதில்லை. அசையும் பொருள் ஒன்று இருந்தால்தான் கண்ணால் அப்படி வழுக்கிப் போக முடியும். அசையாத கோட்டில் அது தாவித்தான் போகும். குட்டையான கோடு என்றால் ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்கு ஒரே தாவல், கோட்டின் மேல் கண் நிற்பதே இல்லை. நீளமான கோடு என்றால் நடுவில் இரண்டு மூன்று இடங்களில் கால் ஊன்றிக்கொள்ளும். ஒவ்வொரு தாவலின் முடிவிலும் 'நான் வந்த கோடு இதுதானா' என்ற கேள்வி இருக்கிறது. படம் வரைபவர் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். ஒரு கோடு கண்ணுக்கு ஓர் ஓட்டம் அல்ல, பல முடிவுகளின் வரிசை.

கண்ணைப் பதிவு செய்ய ஆசைப்பட்டவர்கள் ஆரம்பத்தில் பட்டபாடு கொஞ்சமல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்மண்ட் ஹூயி, கண்ணை மரத்துப்போகச் செய்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த சிறு கிண்ணத்தைக் கருவிழியின் மேல் ஒட்டி, அதோடு ஒரு முள்ளை இணைத்து, வாசிப்பின்போது கண் தாவுவதை வரைய வைத்தார். படிக்கும்போதே நமக்குக் கண் கூசுகிறது. சோவியத் ஒன்றியத்தின் ஆல்ஃபிரட் யார்பஸும் கண்ணில் உறிஞ்சிக் கிண்ணம் பொருத்தித்தான் சோதித்தார். இலியா ரேபினின் ஓர் ஓவியத்தை ஒரே ஆளுக்கு ஏழு முறை காட்டினார். ஒரு முறை சும்மா பார்க்கச் சொன்னார், இன்னொரு முறை ஓவியத்தில் உள்ளவர்களின் வயதைக் கேட்டார், வேறொரு முறை அவர்களின் உடையை நினைவில் வைக்கச் சொன்னார். ஓவியம் ஒன்றே, கண் போன தடங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கேள்வி மாறினால் பார்வை மாறும் என்ற இந்தப் பாடத்தைப் பின்னால் மறுபடி எடுப்போம்.

இன்றைய கருவி கண்ணைத் தொடுவதில்லை. திரைக்குக் கீழே ஒரு பட்டை போல இருக்கும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி முகத்தில் படும். கருவிழிப் பரப்பில் அந்த ஒளி ஒரு சின்ன மினுக்கமாகப் பிரதிபலிக்கும். கேமரா அந்த மினுக்கத்தையும் கண்ணின் நடுவில் உள்ள பாவையையும் சேர்த்துப் பார்க்கும். கண் திரும்பும்போது மினுக்கத்துக்கும் பாவையின் மையத்துக்கும் உள்ள இடைவெளி மாறும். எந்த இடைவெளி திரையின் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதை முதலில் கருவிக்குச் சொல்லித்தர வேண்டும். அதற்காகத் திரையில் 5 அல்லது 9 புள்ளிகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்க்கச் சொல்வார்கள். இதன் பெயர் காலிப்ரேஷன். இதைப் பொறுமையாகச் செய்யாமல் அவசரப்பட்டால் அப்புறம் வரும் தரவு முழுவதும் வீண்.

சில எண்கள். 60 ஹெர்ட்ஸ் கருவி நொடிக்கு 60 முறை பார்க்கும், அதாவது 17 மில்லிநொடிக்கு ஒரு முறை. 250 மில்லிநொடி நிலைப்பில் 15 பதிவுகள் கிடைக்கும். 30 மில்லிநொடித் தாவலில் இரண்டுதான். நிலைப்புகளை எண்ண இது போதும், தாவலின் வேகத்தை ஆராயப் போதாது. அதற்கு 1000 ஹெர்ட்ஸ் கருவிகள் உண்டு. நம் வேலைக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. 20 நொடிப் பணி ஒன்றில் 60 ஹெர்ட்ஸ் கருவி 1200 வரிகள் தரும். மென்பொருள் அவற்றைச் சேர்த்துச் சுருக்கினால் 60 முதல் 80 நிலைப்புகள் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஓர் இடம், ஒரு தொடக்க நேரம், ஒரு நீளம்.

ஒரு சிறு படம், ஒரு சிறு தடம்

மனத்தில் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். இடப்பக்கம் கணு க. வலப்பக்கம் தூரத்தில் கணு ம. க-விலிருந்து மூன்று கோடுகள் கிளம்புகின்றன. ஒன்று மேலே போய் ச-வில் முடிந்துவிடுகிறது. ஒன்று நேராக வலப்பக்கம் த-வுக்குப் போகிறது, த-விலிருந்து இன்னும் வலப்பக்கம் ந-வுக்குப் போகிறது. ந என்பது ம-வுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் இணைப்பு இல்லை. மூன்றாவது கோடு கொஞ்சம் பின்னால், இடப்பக்கம் கீழே ப-வுக்கு இறங்குகிறது. ப-விலிருந்து ஒரு நீண்ட கோடு ட-வுக்கு, ட-விலிருந்து ம-வுக்கு. ஆக, சரியான பாதை க, ப, ட, ம.

இதைக் கேட்டால் கண் எப்படிப் போகும்? ஒரு சாத்தியமான பதிவு இப்படி இருக்கும்: க ம க த ந ம ந த க ச க ப ட ம ட ப க. முதல் மூன்றில் ஆள் தொடக்கத்தையும் முடிவையும் கண்டுபிடித்துக்கொள்கிறார். பிறகு ம இருக்கும் திசையை நோக்கி த, ந என்று ஆசையாகப் போகிறார். ந-வுக்கும் ம-வுக்கும் இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார், இல்லை. திரும்புகிறார். ச-வை ஒரு பார்வை. கடைசியாக, மனமில்லாமல், பின்னால் போகும் ப. விடை கிடைத்ததும் பாதையைத் தலைகீழாக ஒரு முறை நடந்து சரிபார்க்கிறார்.

கண் தடத்தை இப்படி எழுத்துச் சரமாக மாற்றுவது ஆய்வாளர்களின் வழக்கமான வேலைகளில் ஒன்று. ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் ஒரு சிறு வட்டம் போட்டு, அதற்குள் விழும் நிலைப்புகளுக்கு அந்தக் கணுவின் எழுத்தைக் கொடுத்துவிடுவார்கள். சரமாக ஆனதும் பல கேள்விகள் எளிதாகிவிடும். சரியான பாதையின் முதல் அடியை எடுப்பதற்கு முன் எத்தனை நிலைப்புகள் வீணாயின? எந்தக் கணுவிலிருந்து திரும்பினார்? இரண்டு பேரின் சரங்களை எடுத்து, ஒன்றை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணினால் அவர்களின் தேடும் விதம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு ஓர் அளவு கிடைக்கும். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளில் பயன்படும் அதே கணக்குதான்.

வெட்டா, கோணமா?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வெட்டுகள் கெடுதல் என்று 1997 ஆய்வு சொல்லிவிட்டது. சரி, எல்லா வெட்டுகளையும் நீக்கிவிடலாமே? முடியாது. கோடுகள் அதிகமானால் சில வெட்டுகள் இருந்தே தீரும். ஒரு வலைப்பின்னலை மிகக் குறைந்த வெட்டுகளோடு வரைவது கணினிக்கே மலைப்பான வேலை என்பதை 1983இல் கேரியும் ஜான்சனும் நிரூபித்துவிட்டார்கள். ஆகவே கேள்வி வேறாகிறது. வெட்டு இருந்தே தீரும் என்றால், எந்த மாதிரி வெட்டு கண்ணைத் தடுக்கிறது?

சிட்னியில் பீட்டர் ஈட்ஸோடு இணைந்து ஆய்வு செய்த வெய்டோங் ஹுவாங் இதற்கு ஐ டிராக்கரைக் கையில் எடுத்தார். அவர் 2007இல் வெளியிட்ட ஒரு சோதனையில் 16 பேர், 6 படங்கள். இரண்டு வகைப் பணிகள்: பாதை தேடுவது, ஒரு கணுவைக் கண்டுபிடிப்பது. கிடைத்தது இது. பாதை தேடும்போது, கோடுகள் சின்னக் கோணத்தில் வெட்டிக்கொள்ளும் இடங்களில் கண் தயங்கியது, அங்கேயும் இங்கேயும் கூடுதலாகத் தாவியது, நேரம் போனது. கணுவைக் கண்டுபிடிக்கும் பணியில் வெட்டுகள் கிட்டத்தட்ட எந்தத் தொல்லையும் தரவில்லை. யார்பஸின் பாடம் மறுபடி வந்துவிட்டதா? இந்தப் படம் நல்ல படமா என்று யாராவது கேட்டால், எந்தக் கேள்விக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

சின்னக் கோணம் ஏன் தொல்லை? காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். திரையிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், கண்ணின் கூர்மைப் பரப்பான 2 டிகிரி என்பது திரையில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். இரண்டு கோடுகள் 90 டிகிரியில் வெட்டிக்கொண்டால், வெட்டிலிருந்து 7 மில்லிமீட்டர் தாண்டியதுமே அவற்றுக்கு நடுவே 1 சென்டிமீட்டர் இடைவெளி வந்துவிடும். அவையே 10 டிகிரியில் வெட்டிக்கொண்டால், அதே இடைவெளி வர ஏறத்தாழ 5.7 சென்டிமீட்டர் போக வேண்டும். அவ்வளவு தூரமும் இரண்டு கோடுகளும் தோள் உரசிக்கொண்டு நடக்கின்றன. ஒவ்வொரு தாவலும் தப்பான கோட்டில் இறங்க வாய்ப்பு உண்டு. செங்கோண வெட்டில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. வந்த திசையிலேயே தாவினால் போதும்.

இந்தக் கண்டுபிடிப்பு ஆய்வகத்தோடு நிற்கவில்லை. வெட்டலாம், ஆனால் செங்கோணத்தில் மட்டுமே வெட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு வரையப்படும் படங்களைப் பற்றி 2009இல் டிடிமோ, ஈட்ஸ், லியோட்டா மூவரும் எழுதினார்கள். நேர்கோடுகளால் அப்படி வரைய வேண்டும் என்றால், n கணுக்கள் (குறைந்தது நான்கு) இருக்கும்போது 4n − 10 கோடுகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நிரூபித்தார்கள். 10 கணுக்கள் என்றால் 30 கோடுகள். பதினாறு பேரின் கண் தயங்கிய இடத்திலிருந்து ஒரு கணிதத் தேற்றம் வரை வந்துவிட்டது பாருங்கள்.

ஹுவாங்கின் சோதனையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. பாதை தேடுகிறவர்கள், போக வேண்டிய கணு இருக்கும் திசையை நோக்கிச் செல்லும் கோட்டையே முதலில் எடுக்கிறார்கள். நம் சிறு படத்தில் த, ந என்று போனாரே, அதே. சரியான பாதையின் கிளைகள் பல அந்த இலக்கின் பக்கமாகவே நீண்டிருந்தால் பாதையைப் பிடிப்பது கடினமாகிவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் இது வேடிக்கை. படத்தில் திசைக்குப் பொருளே கிடையாது என்று ஆரம்பத்தில் சொன்னோம். ஆனால் கண் அதை நம்பவில்லை. நிலத்தில் வழி தேடும் அதே பழக்கத்தோடு தாளிலும் வழி தேடுகிறது. நேரத்தையும் தவறுகளையும் மட்டும் அளந்திருந்தால், இந்தப் படம் ஏனோ கஷ்டம் என்பதோடு கதை முடிந்திருக்கும்.

வேறு சில கண்கள்

ஸ்டுட்கார்ட்டில் மைக்கேல் புர்க் குழுவினர் 2011இல் மர வடிவப் படங்களைச் சோதித்தார்கள். 38 பேர். குறிக்கப்பட்ட இலைகளுக்கெல்லாம், அதாவது கிளைகளின் நுனியில் உள்ள கணுக்களுக்கெல்லாம், பொதுவான மிக நெருங்கிய மூதாதைக் கணுவைக் கண்டுபிடிக்க வேண்டும். மேலிருந்து கீழாக வரையும் வழக்கமான மரமும், செங்கோண மடிப்புகளால் ஆன மரமும், வேர் நடுவில் இருந்து சுற்றிலும் கிளை பரப்பும் ஆர வடிவ மரத்தை விட நன்றாக வந்தன. ஏன் என்பதைக் கண் தடம் காட்டியது. ஆர வடிவத்தில் ஆட்கள் தங்கள் விடையைக் கூடுதல் தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். விடை கையில் இருந்தும் நம்பிக்கை வரவில்லை. விளம்பரங்களிலும் அறிக்கைகளிலும் இந்த வட்ட மரம் கண்ணைப் பறிப்பதால் அடிக்கடி இடம்பிடிக்கிறது. பார்க்க அழகாக இருப்பதும் படிக்க எளிதாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை நானும் சில படங்கள் வரைந்து கெட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

மென்பொருள் வடிவமைப்பில் நிரலின் பகுதிகளையும் அவற்றின் தொடர்புகளையும் காட்டப் பயன்படும் வகுப்புப் படங்களை (class diagram) யூசுஃப், கக்தி, மாலெடிக் மூவரும் 2007இல் ஆராய்ந்தார்கள். அனுபவசாலிகள் படத்தின் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிப் போனார்கள். புதியவர்கள் மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று பாடப்புத்தகம்போல வாசித்தார்கள். கிறிஸ்டோஃப் கோர்னர் அடுக்குமுறைப் படங்களில் கண்டது வேறொன்று: ஆட்கள் முதலில் சம்பந்தப்பட்ட கணுக்களைத் தேடிப் பிடிக்கிறார்கள், அதற்குப் பிறகே அவற்றுக்கு இடையிலான உறவை யோசிக்கிறார்கள். தேடலும் யோசனையும் தனித்தனிக் கட்டங்கள். பெயர்கள் படிக்கத் தெளிவாக இருந்தால் முதல் கட்டம் குறையும். கோடுகள் தெளிவாக இருந்தால் இரண்டாவது குறையும்.

கண்ணால் காண்பதும் பொய்

இனி எச்சரிக்கைகள். இவற்றில் மிகப் பெரியது, கண் நிற்கும் இடத்தில்தான் மனமும் நிற்கிறது என்ற அனுமானம். 1980இல் ஜஸ்டும் கார்ப்பென்டரும் வாசிப்பைப் பற்றி இதை முன்வைத்தார்கள். பெரும்பாலும் பொருந்துகிறது, எப்போதும் அல்ல. ஓரக்கண்ணால் கவனிக்க நம்மால் முடியும். ஒரு கணுவை வெறித்துப் பார்த்துக்கொண்டே வேறு கிளையை மனத்தில் நடக்கவும் முடியும். அதோடு, நீண்ட நிலைப்பு ஒன்றைப் பதிவில் பார்த்தால் அது ஈடுபாடா, குழப்பமா, அல்லது சும்மா அயர்ந்துபோனதா என்று பதிவு சொல்லாது. எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் ஐ டிராக்கர் விடை தரும். ஏன் என்பதற்கு விடை வேண்டுமென்றால் சோதனையையே அதற்கேற்ப அமைக்க வேண்டும், இல்லையென்றால் ஆளிடமே கேட்க வேண்டும். பணி முடிந்தபின் அவருடைய கண் தடத்தை அவருக்கே போட்டுக் காட்டி, இந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்பது நல்ல வழி. பணியின் நடுவே பேசச் சொன்னால் பேச்சே கண்ணின் போக்கை மாற்றிவிடும்.

அடுத்தது ஹீட்மேப். கண் அதிகம் நின்ற இடம் சிவப்பு, குறைவாக நின்ற இடம் பச்சை என்று மேகம்போலப் படர்ந்திருக்குமே, அந்தப் படம். கூட்டத்தில் காட்டினால் எல்லோரும் வாய்பிளந்து பார்ப்பார்கள். வலைப்பின்னல் ஆய்வில் அது பெரும்பாலும் ஏமாற்று வித்தை என்பது என் கருத்து. பாதை தேடும் பணி என்றால் தொடக்கக் கணுவும் இறுதிக் கணுவும் எப்படியும் சிவக்கும், ஏனென்றால் ஆட்கள் அங்கே திரும்பத் திரும்ப வருவார்கள். திரையின் நடுப்பகுதியும் கொஞ்சம் சிவக்கும், கண்ணுக்கு நடுவின் மேல் இயல்பாகவே ஒரு சாய்வு உண்டு. வரிசை முழுவதும் அழிந்துவிடும். நம் எழுத்துச் சரத்தில் த, ந என்று போய்த் திரும்பிய கதை, ஹீட்மேப்பில் இரண்டு வெளிர் பொட்டுகள்.

மூன்றாவது துல்லியம். நல்ல கருவியும் நல்ல சூழலில் ஏறத்தாழ அரை டிகிரி பிசகும். 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது திரையில் அரை சென்டிமீட்டர். இரண்டு கணுக்கள் 1 சென்டிமீட்டருக்கும் நெருக்கமாக இருந்தால் ஆள் எதைப் பார்த்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கோடுகளின் நிலை இன்னும் மோசம். 10 டிகிரி வெட்டின் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கண் குழம்பும் அதே 5.7 சென்டிமீட்டர் நீளத்தில் கருவியும் குழம்புகிறது. எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வந்தோமோ அந்த இடத்திலேயே கருவி மங்குகிறது. இதனால்தான் இத்தகைய ஆய்வுகளில் படங்கள் சிறியவையாக, கணுக்கள் தள்ளித் தள்ளி வைக்கப்பட்டவையாக இருக்கின்றன. ஆயிரம் கணுக்கள் கொண்ட படத்துக்கு அந்த முடிவுகளை அப்படியே தூக்கிக்கொண்டு போகக்கூடாது.

நீங்களே ஒரு சோதனை செய்வதாக இருந்தால் இன்னும் சில சிக்கல்கள் காத்திருக்கும். ஒரே வலைப்பின்னலை ஒருவருக்கு இரண்டு வடிவங்களில் காட்டினால் இரண்டாவது முறை விடை நினைவிலிருந்தே வரும். கணுப் பெயர்களை மாற்ற வேண்டும், காட்டும் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். நீளமான பெயர்கள் வைத்தால் கண் அவற்றை வாசிப்பதிலேயே நேரம் போகும். அது கோட்டின் கஷ்டம்போலப் பதிவில் தெரியும். பெயர்கள் எல்லாம் ஒன்றிரண்டு எழுத்தாக, ஒரே நீளமாக இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் முன் திரையில் ஒரே இடத்தில் ஒரு சிலுவைக் குறியைக் காட்டினால் எல்லோர் கண்ணும் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். பாவை விரிவதை வைத்து மன உழைப்பை அளக்கலாம் என்று ஆசை வரும். மூளைக்கு வேலை கூடும்போது பாவை விரிவது உண்மைதான். ஆனால் வெளிச்சம் மாறினால் அது இன்னும் அதிகமாக மாறும். வெள்ளைப் பின்னணியில் ஒரு படமும் கறுப்பில் ஒரு படமும் காட்டிவிட்டு ஒப்பிட்டால் அளப்பது திரையைத்தான்.

கருவி இல்லாதவர்கள் என்ன செய்வது? சாதாரண வெப்கேமராவை வைத்து இயங்கும் நிரல்கள் இருக்கின்றன. திரையின் எந்தப் பாதியில் பார்க்கிறார் என்பதைச் சொல்லும் அளவுக்கு அவை உதவும், எந்தக் கணு என்று கேட்டால் திணறும். இன்னொரு வழி, படம் முழுவதையும் மங்கலாக்கிவிட்டு மவுஸ் இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் தெளிவாகத் தெரியும்படி செய்வது. ஆள் எதைப் பார்க்க வேண்டுமோ அங்கே மவுஸை நகர்த்தியாக வேண்டும், மவுஸ் போன தடமே பதிவு. செலவில்லை, துல்லியப் பிசகும் இல்லை. ஆனால் கை கண்ணை விட மெதுவானது. அதனால் ஆட்கள் சும்மா ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவதைத் தவிர்ப்பார்கள். கண் என்றால் ச-வை ஒரு கால் நொடி தொட்டுவிட்டுத் திரும்பும், மவுஸ் என்றால் அந்தப் பக்கம் போகவே யோசிக்கும். அதோடு, இலக்கை நோக்கிப் போகும் கோட்டை எடுக்கும் அந்தப் பழக்கம் ஓரப்பார்வையில் தெரியும் கோடுகளை நம்பித்தான் இயங்குகிறது. மங்கலாக்கிய படத்தில் அந்த ஓரப்பார்வைக்குக் கிடைக்கும் கோடுகளை நாமே பாதி அழித்துவிட்டோம்.